தடத்துச் சணப்பு

காலை மடக்கிக்கொள்கிறேன், மூட்டையை இப்படி உள்ளே தள்ளி வையுங்கள். நடுவில் கிடந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் மிதித்துக்கொண்டு போவான். விதைதானே? சொல்லாதீர்கள், இருங்கள். சாக்கின் மேலேயே தடவிப் பார்த்துச் சொல்கிறேன். சணப்பு இல்லை. சணப்பு தட்டையாக இருக்கும். இது சின்ன உருளை, வழவழப்பு. தக்கைப்பூண்டு.

எதற்கு?

விலை கேட்கவில்லை. எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். களர் நிலமா? நெல்லுக்கு முன்னாலா? அப்படியென்றால் சரி. தண்ணீர் நின்றாலும் அழுகாது, உப்பையும் தாங்கும். பூவெடுக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். விட்டால் தண்டு விறகாகிவிடும்.

நான் ஏன் கேட்டேன் என்றால், நம் ஆட்கள் எதற்கு என்று தெரியாமல் விதை வாங்குகிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் சணப்பு போட்டால் இவனும் சணப்பு. கேட்டால் முழிப்பான். செம்மண் சரிவா, மழைக்கு மண் கரைந்து ஓடுகிறதா, கொள்ளு போடு. பாய் விரித்தாற்போல் தரையோடு கிடக்கும். வீட்டுக்கும் கொஞ்சம் வேண்டும், மண்ணும் மூட வேண்டும் என்றால் தட்டைப்பயறு. கோரை ஏறிக் கிடக்கிறதா, சணப்பை நெருக்கி விதை, கீழே வெயில் இறங்காது, கோரை தானே சோர்ந்துபோகும். ஆடு தொல்லையா, கொழிஞ்சி. ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எதைப் போட்டாலும் சரி, வெறும் தரையாக விடக் கூடாது. மூடித்தான் வைக்க வேண்டும். ஆனால் எதற்கு மூடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் பையா? காலிதான். மத்தியானம் உடுமலைக்கு விதை வாங்கத்தான் போனேன். வாங்கவில்லை. அதைச் சொல்கிறேன்.

ஆடு தொல்லை என்று சொன்னேன் இல்லையா. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு ஒரே தங்கை. மயிலாத்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் தவறிப்போய், அப்பா இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அப்பா பின்பக்கம், பள்ளத்தை ஒட்டி இரண்டு ஏக்கரும் ஓட்டு வீடும் அவள் பேருக்கு எழுதி வைத்தார். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை, மழைக்கு மட்டும் தண்ணீர் வரும். நான் மறு பேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? அவள் வீட்டிலிருந்து தார்ரோட்டுக்கு வர என் காட்டுக்குள், நிலத்துக்குள்தான், ஒரு நடைத் தடம் இருந்தது. தார்ரோட்டில் ஆரம்பித்து, என் வீட்டை ஒட்டி வந்து, கிணற்றைச் சுற்றிக்கொண்டு, ஒரு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாக வளைந்து, அவள் வாசலில் கதவாகக் கட்டின படலில் போய் முடியும். அப்பா காலத்துத் தடம். என் வீட்டுக்கு ரோட்டிலிருந்து வேறு வழி உண்டு. எழுத்தில் கிடையாது. காலில்தான் இருந்தது.

அந்தப் பெரிய வறட்சியில் என் தென்னை பாதிக்கு மேல் கருகிப்போனது. மரங்களை எடுத்துவிட்டுப் புதிதாகத் தென்னம்பிள்ளை வைத்தேன். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் தரை வெறுமனே கிடக்கக் கூடாது என்று தட்டைப்பயறு போட்டேன். அருமையாக வந்தது. பூவும் எடுத்தது. மயிலாவின் வெள்ளாடுகள் புகுந்து ஒரு பக்கம் மொட்டையாக்கிவிட்டன.

நான் திட்டவில்லை. கேட்கத்தான் கேட்டேன். மீதி இருந்த மரங்களில் அன்று காய் போட்டுக்கொண்டிருந்தார்கள், நாலு ஆட்கள் இருந்தார்கள்.

"ஏனம்மிணி, ஆட்டக் கட்டி மேய்க்கக் கூடாதா?"

"ஏனுங்கண்ணா, நீங்க பறிக்கவா போட்டீங்க? தரைய மூடத்தானே போட்டீங்க. ஆடு தின்னது போக மிச்சம் மூடிட்டுப் போவுது."

அந்த ஆட்கள் சிரித்தார்கள். மரத்துமேல் இருந்தவன்கூடச் சிரித்தான். மட்டைகளுக்கு நடுவிலிருந்து சிரிப்பு மட்டும் கேட்டது. "தங்கச்சி சொல்றதும் நாயந்தானுங்க" என்றான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த பட்டத்துக்குக் கொழிஞ்சி விதைத்தேன். மண்ணுக்கு அதைப்போல ஒரு செடி கிடையாது. தண்ணீரே வேண்டாம். ஆடு வராது என்பது அதில் ஒரு கூடுதல் நன்மை, அவ்வளவுதான். ஆடுகள் வந்தன, மோந்தன, நின்றன. மயிலா கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செடியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று சந்தைக்குள் ஆட்டையெல்லாம் விற்றுவிட்டாள். விற்றுவிட்டு என்ன செய்தாள்? இரண்டு கறவை மாடு வாங்கினாள். நல்லதுதானே? நான் கொழிஞ்சி போட்டிருக்காவிட்டால் ஆட்டோடேயே இருந்திருப்பாள். அதை யாரும் சொல்வதில்லை.

மாடு வந்ததும் தடத்தில் நடமாட்டம் கூடிவிட்டது. காலையில் பால் கேன், மாலையில் பால் கேன். தார்ரோட்டில் சொசைட்டி வண்டி வரும், அதற்குள் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்று பாவாயிக்கு ஒரு செம்புப் பால் ஊற்றிவிட்டுப் போவாள். பாவாயி என் வீட்டுக்காரி. இரண்டு பேரும் நின்று பேசுவார்கள். என்ன பேச்சு என்று தெரியாது. நான் வந்தால் நின்றுவிடும். அதற்குள் தடம் காரை போட்ட மாதிரி இறுகிவிட்டது. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. மண்ணைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது கண்ணில் முள் மாதிரி. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒருநாள் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன். மயிலா வந்தாள்.

"அண்ணா, தடத்த ஒரு டெம்போ வர்ற அளவுக்கு அகலம் பண்ணிக்கட்டுங்களா? வைக்கப்போரு சொமந்து சொமந்து இடுப்பு போவுது."

நான் கன்னத்தில் சோப்போடு இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பாவாயி, "அதுக்கென்ன, பண்ணிக்கோ" என்றாள். மயிலாவும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் காடு. என் வாசல். என் முகத்தில் சோப்பு. கேள்வியும் முடிந்து பதிலும் முடிந்துவிட்டது.

நான் சண்டை போடவில்லை. நான் சண்டைக்காரன் இல்லை. விதைக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தெரிந்தவர். "எதுக்குங்க?" என்றார். நான்தான் அவருக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது. "தரையை மூடறதுக்கு" என்றேன். "தோப்புக்குள்ளயா?" "தோப்புக்குள்ள ஒரு பக்கம். ஆள் மிதிச்சு இறுகின பூமி." அவர் கொஞ்சம் யோசித்தார். "பூனைக்காலி போடுங்க. காய்ல சொணை இருக்கும், மேல பட்டா அரிச்சு எடுத்துரும். அப்பறம் ஒரு ஆள் அந்தப் பக்கம் கால வெக்க மாட்டாங்க" என்றார். அவருக்குக் கண் சிமிட்டிப் பேசுவது வழக்கம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு கெட்டவன் இல்லை நான். தங்கச்சி நடக்கிற இடம்.

சணப்பு வாங்கினேன். சணப்பு ஆள் உயரம் வரும். நெருக்கி விதைத்தால் காடு முழுக்க ஒரே பச்சையாக நிற்கும். எது வரப்பு, எது வாய்க்கால் என்றே தெரியாது. ஆணிவேர், நன்றாகக் கீழே இறங்கும். இறுகின மண்ணுக்கு அதுதான் மருந்து. நீங்களே சொல்லுங்கள், தேர்வில் தப்பு உண்டா?

காலையில் டிராக்டர் வந்தது. மயிலா பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பி வருகிறாள். வேப்பமரத்துக்குக் கிட்டே டிராக்டரும் அவளும் நேருக்கு நேர். அவள் ஒதுங்கவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்தி இஞ்சினையும் அணைத்துவிட்டான். அணைக்கச் சொல்லவில்லை நான். அவ்வளவு சத்தம் நின்றதும் காடே அமைதியாகிவிட்டது. அவள் கையில் கேன் மூடி லொட லொட என்று ஆடுவது கேட்டது.

"என்னங்கண்ணா போடறீங்க?"

"சணப்பு."

"எதுக்குங்க?"

"மண்ணுக்கு."

அவள் காலடியைப் பார்த்தாள். "மண்ணு கேட்டுச்சுங்களா?"

டிரைவர் என்னைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். "ஓட்டட்டுங்களா?" என்கிறான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் பீடியைப் பற்ற வைத்து, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, என்னவோ தோன்றி அணைத்துவிட்டான். கடைசியில் அவள்தான் நகர்ந்தாள். தடத்தை விட்டு இறங்கி, கொழிஞ்சிக்குள் நடந்து, பள்ளத்துப் பக்கம் போனாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது திட்டியிருப்பேன். திட்டவில்லை.

டிரைவர், "அண்ணா, ரொட்டவேட்டர் மேலாப்புலதான் பொடியாக்கும். அடி இறுக்கம் ஒடையோணும்னா உளிக்கலப்பை போடோணும். நாளைக்குக் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டான். எனக்கு அன்றைக்கே முடிக்க வேண்டும். "இது போதும், ஓட்டு" என்றேன். இதில் நான் செய்த தப்பு என்று ஒன்று உண்டென்றால் அதுதான். உளிக்கலப்பை போட்டிருக்க வேண்டும்.

சணப்பு முளைத்தது. நல்ல மழை. பள்ளத்தில் தண்ணீரும் வந்துவிட்டது.

பள்ளத்து வழியாகவும் தார்ரோட்டுக்குப் போகலாம். சுற்று அதிகம். தண்ணீர் இல்லாத காலத்தில் ஒன்றும் சிரமமில்லை. தண்ணீர் வந்தால் இடுப்பு வரைக்கும் இருக்கும், கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்து, மறு கையால் கரையோரத்துச் செடியைப் பிடித்துக் கடக்க வேண்டும். மழைக்குச் சில நாள்தானே. சரி, அந்த வருஷம் கொஞ்சம் அதிகம் ஓடியது.

என் மோட்டார் ரூம் பள்ளத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஒருநாள் காலையில் மோட்டார் போடப் போனேன். மயிலா தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கல் இருக்கும், பாசி பிடித்தது. சின்ன வயதில் நாங்கள் அதில் வழுக்கி விழுந்து விளையாடுவோம். அதில் காலை வைத்தாள். வைக்காதே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. வழுக்கியது. ஆள் உள்ளே போய்விட்டாள். தலைமுடி மட்டும் மேலே. பிறகு கை. கேன் கவிழ்ந்து உருண்டு, தண்ணீரில் வெள்ளையாக ஒரு வால் மாதிரி நீண்டு போயிற்று. பால். அவள் எழுந்து செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேன் போகிற திசையைப் பார்த்தாள். அப்புறம் இந்தப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, மோட்டார் ரூமைப் பார்த்தாளா, தெரியாது.

பால்தான் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கரையேறும் வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு பாவாயி, "தண்ணி பாஞ்சுதுங்களா?" என்று கேட்டபோதுதான் மோட்டார் போடவே இல்லை என்று ஞாபகம் வந்தது.

அந்த வாரமே கோர்ட்டுக்குப் போய்விட்டாள். தடத்தை அடைத்துவிட்டேன் என்று. கூடப் பிறந்தவன் மேல் வழக்கு. சொல்லுங்கள், யாருக்கு வலிக்கும்?

கோர்ட்டிலிருந்து கமிஷனர் போட்டார்கள். போலீஸ் கமிஷனர் இல்லை. இடத்தை நேரில் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போகிறதற்குக் கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பும், அவருக்கு அந்தப் பேர். சின்ன வயதுப் பெண். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தது. மயிலாவின் வக்கீலும் வந்தார். என் வக்கீலும் வந்தார். என் வக்கீல் முந்தின நாளே சொல்லியிருந்தார்: "கேட்டா ஒரே பதில்தான். தடமே கிடையாது, யாரும் நடந்தது கிடையாது. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

சணப்பு அப்போது என் தோள் உயரம். தார்ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைச் சுவர். தடம் என்று கையைக் காட்ட ஒரு இடம் இல்லை.

"மிஸ்டர் சென்னியப்பன், உங்க சிஸ்டர் இந்தக் காடு வழியா நடந்துட்டு இருந்ததாச் சொல்றாங்க."

"இல்லைங்க."

"எப்பவுமே நடந்தது இல்லையா?"

மயிலா வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தாள். பாவாயி வீட்டு வாசல்படியில் நின்றாள். என் வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததே இல்லைங்க" என்றேன்.

கோர்ட் ஆளிடம் சொல்வது வேறு, பஸ்ஸில் உங்களிடம் சொல்வது வேறு. அது உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டது. பிறகு மயிலாவிடம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றது.

மயிலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அண்ணன் பொய் பேச மாட்டாருங்க" என்றாள். "எங்க ஊர்ல யாரை வேண்ணாக் கேட்டுப் பாருங்க. அவரு நடந்ததே இல்லைன்னு சொன்னா, நான் நடந்ததே இல்லைங்க."

அவளுடைய வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. "அம்மா, நீங்க பேசாதீங்க. மேடம், அவங்க ஒரு ஆதங்கத்துல..." என்று என்னென்னவோ சொன்னார். மயிலா அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. என் வக்கீல் என் தோளைத் தட்டினார். வழக்கு முடிந்த மாதிரிதான். அந்தப் பெண்ணும் பேனாவை மூடிவிட்டது.

அப்போதே நானும் வாயை மூடியிருக்க வேண்டும்.

அந்தப் பெண் கிளம்புகிற சமயத்தில் சும்மா கேட்டது. "இது என்னங்க செடி? பார்க்க நல்லா இருக்கே, ஒரே மாதிரி." அவ்வளவுதான் கேட்டது. உங்களைப்போல ஒரு ஆள் கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சணப்பு என்றேன். மூடு பயிர் என்றேன். எதற்கு எதைப் போட வேண்டும் என்று கொஞ்சம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டது. "கீழே நின்னா அழகு தெரியாதுங்க, மோட்டார் ரூம் மேல ஏறிப் பாருங்க" என்றேன். என் வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெயிலாயிற்று, கிளம்பலாம் என்கிறார் என்று நினைத்தேன்.

எல்லோரும் மேலே ஏறினோம். மயிலா மட்டும் வரவில்லை.

காடு பச்சையாக, காற்றுக்கு அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. பச்சைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு கோடு.

தார்ரோட்டில் ஆரம்பித்து, என் வீட்டை ஒட்டி வந்து, கிணற்றைச் சுற்றிக்கொண்டு, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாக வளைந்து, அவள் படலில் போய் முடிந்தது. மற்ற செடி எல்லாம் தோள் உயரம், இன்னும் மொட்டுக்கூட வைக்கவில்லை. அந்தக் கோட்டில் மட்டும் செடி முழங்கால் உயரம், அதுவும் பூத்துவிட்டது. பளீரென்று மஞ்சள். வரைந்து வைத்த மாதிரி. கீழே நின்றால் உயரச் செடி மறைத்துக்கொள்ளும், மேலே வந்தால்தான் தெரியும்.

அந்தப் பெண் துப்பட்டாவைத் தலையிலிருந்து எடுத்தது. "அது என்னங்க, அந்த எடத்துல மட்டும் அப்படி இருக்கு?"

என் வக்கீல், "அது விதை சரியில்ல மேடம்" என்றார்.

விதை சரியில்லையா? நான் பொறுக்கிப் பார்த்து வாங்கின விதை. எனக்குச் சுருக்கென்றது. "விதையில ஒரு குறையும் இல்லைங்க" என்றேன். "அடி மண்ணு இறுகிக் கெடக்குது. வேர் இறங்க முடியாது. வேர் இறங்காத செடி வளராதுங்க, சீக்கிரமாப் பூத்துரும். பொழைக்க மாட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சுரும், அதனால அவசர அவசரமாப் பூக்கும். எந்தச் செடிக்கும் அதுதானுங்க."

"ஏன் அங்க மட்டும் இறுகியிருக்கு?"

"மிதிபட்ட மண்ணுங்க. வருஷக்கணக்கா மிதிபட்டா..."

அங்கேதான் நிறுத்தினேன்.

"யார் மிதிச்சது?" என்றது அந்தப் பெண்.

அது மெதுவாகத்தான் கேட்டது. கீழே மயிலா நிமிர்ந்து மேலே பார்த்தாள். எனக்கு மேலே வெயில், சுற்றிலும் ஆட்கள். மோட்டார் ரூமுக்குக் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் மண்ணைப் பற்றிச் சொன்னேன். அது தடத்தைப் பற்றி எழுதிக்கொண்டது. உளிக்கலப்பை மட்டும் போட்டிருந்தால் ஒரு பூ பூத்திருக்காது.

இடைக்கால உத்தரவு சீக்கிரமே வந்தது, அவள் பக்கம். மாட்டு வண்டி போகிற அகலத்துக்குத் தடத்தை விட வேண்டும், மறிக்கக் கூடாது. சரி, கோர்ட் சொல்லிவிட்டது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். சணப்பை மடக்கி உழுதேன். இந்தத் தடவையும் உளிக்கலப்பை போடவில்லை, எதற்குப் போட வேண்டும்? தடத்தைக் கொத்தி, சமன் செய்து, இரண்டு பக்கமும் கல் நட்டுக் கொடுத்தேன். கோர்ட் சொன்னதற்கு மேலேயே அகலம். டெம்போ தாராளமாக வரும்.

அவள் நடக்கவில்லை.

முதல்நாள் காலையில் பார்த்தேன், கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மாலையிலும் பள்ளம். மறுநாளும் பள்ளம். ஜெயித்தவள் அவள். தடம் சும்மா கிடக்கிறது. வைக்கோலைக்கூடச் சுமந்துதான் போகிறாள், சுற்றிக்கொண்டு.

பாவாயி சொன்னாள், "போய் ஒரு வார்த்தை கூப்புடுங்க."

"எதுக்கு? கோர்ட்டே நடன்னு சொல்லிருச்சு. நான் வேற சொல்லோணுமா?"

பாவாயி என்னோடு இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. காப்பியில் பாலும் கடைப் பால்தான்.

ஒருநாள் நானே போனேன். கூப்பிடுவதற்காக இல்லை. பள்ளத்துக் கரையில் வேறு வேலை இருந்தது. அவள் பள்ளத்துக்குள் தேங்கின தண்ணீரில் மாடு கழுவிக்கொண்டிருந்தாள். இங்கிருந்தே கேட்டேன்.

"ஏனம்மிணி, தடம் விட்டாச்சில்ல? இன்னும் ஏன் இதுல எறங்கறே?"

மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் நான் சொன்னதைக் கேட்டு நடப்பாளே, அந்த மாதிரி, அவ்வளவு பணிவாகச் சொன்னாள்.

"நான் அதுல நடந்ததே இல்லீங்களேண்ணா."

இது என்ன நியாயம்? சொல்லுங்கள். அவள் ஒருநாள் நடந்துவிட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும், அதற்காக நடக்கவில்லையாம். நான் கேட்டேனா அவளை? பொய்யானால் ஆகட்டுமே. கோர்ட்டிலேயே ஆகிவிட்டது.

இப்போது தடத்தில் புல் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் ஓரத்தில் வந்தது, இப்போது நடுவிலும் தலை காட்டுகிறது. ஆள் நடக்காத தடம் எத்தனை நாளைக்குத் தடமாக இருக்கும்? ஒரு மழை போதும். மூடிக்கொண்டுவிட்டால், சென்னியப்பன் மறுபடியும் தடத்தை அடைத்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள். கோர்ட் உத்தரவு இருக்கிறது. அதனால் நான் நடக்கிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வாசலில் ஆரம்பித்து, கிணற்றைச் சுற்றி, வேப்பமரத்தைத் தாண்டி, அவள் படல் வரைக்கும். படலைத் தொடுவதில்லை. திரும்பி வந்துவிடுவேன். அவள் நாய் முதலில் குரைத்துக்கொண்டிருந்தது. இப்போது குரைப்பதில்லை. எழுந்துகூட நிற்பதில்லை.

ஏன் காலையும் மாலையும் என்றா கேட்கிறீர்கள்? வேறு எப்போது நடப்பது? பால் நேரத்துக்குத்தானே அந்தத் தடத்தில் நடமாட்டம் இருக்கும்.

அதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்கு விதைக்கடைக்குப் போனேன். மழை வரப்போகிறது, பள்ளத்தில் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் தடத்தில் ஏதாவது போடலாம் என்று. மிதித்தாலும் சாகாமல், உயரமும் வராமல், காலுக்கு மெத்தென்று இருக்கிற மாதிரி ஏதாவது. முள் இருக்கக் கூடாது, சேறு ஆகக் கூடாது. கடைக்காரர் எப்போதும்போல, "எதுக்குங்க?" என்றார்.

எனக்குச் சொல்ல வரவில்லை. எதற்கு என்று தெரியாமல் ஒரு பிடி விதை வாங்காதவன் நான். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தார். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். மண்ணுக்கு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பையை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் தக்கைப்பூண்டு மிதித்தால் தாங்காது. தெரியும். கேட்கவில்லை.

அதோ, நால்ரோடு வருகிறது. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், நான் இறங்க வேண்டும். மூட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூவெடுக்கிற சமயத்தில் மடக்கிவிடுங்கள், மறக்காதீர்கள். கண்டக்டர், கொஞ்சம் இருங்கள், இறங்க வேண்டும். மணி என்ன ஆகிறது? பால் நேரம் ஆகிவிட்டது. நான் போய் நடக்க வேண்டும்.